எந்திர அறிவும் அதன் செலவும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த கைலாசபுரம், கொதிகலன் தொழிலாளர் குடியிருப்பு என்ற முறையில் நாடறிந்த ஊராகும். 1965-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாரத மிகுமின் நிறுவனத்தின் திருச்சி ஆலையில் உருவான கொதிகலன்கள், நாட்டின் அனல்மின் நிலையங்கள் பலவற்றில் இயங்கி வருகின்றன. நெருப்பும் நீரும் கூடியே அனல் மின்சாரம் பிறக்கிறது என்பதை இவ்வூராருக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

இதே வட்டாரத்தில், துவாக்குடியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், 2022-ஆம் ஆண்டு மே மாதம் ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணினி தொடங்கி வைக்கப்பெற்றது. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகளைச் செய்யவல்லது அது. கொதிகலனுக்கும் கணினிக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். அவ்வுறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செலவு எங்கே நிகழ்கிறது?

செயற்கை நுண்ணறிவு இன்று சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. பயிரைத் தாக்கிய புழுவின் படத்தைக் கைப்பேசியில் காட்டி நாம் மருந்து கேட்கிறோம். அலுவலகத்துக்கு மனு எழுதித் தருமாறு கூறுகிறோம். விடை நொடியில் வந்துவிடுகிறது. காசும் கேட்பதில்லை. ஆகவே, அது காற்றிலிருந்து வருவதாகவே நமக்குத் தோன்றுகிறது.

உண்மையில், நமது வினா தொலைவிலுள்ள ஒரு தரவு மையத்துக்குச் செல்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக இயங்குகின்றன. அவை உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பத்தை உடனுக்குடன் நீக்காவிடில் கருவிகள் பழுதாகிவிடும். ஆதலின், பல மையங்களில் நீரை ஆவியாக்கிக் குளிர்ச்சி உண்டாக்குகின்றனர். ‘பரம் பொருள்’ கணினியிலோ, சூடேறும் உறுப்புகளின் மீதே குழாய்வழித் திரவத்தைச் செலுத்தி வெப்பத்தை அகற்றும் முறை கையாளப்படுகிறது. இதனால் குளிரூட்டலுக்கு ஆகும் மின்செலவு குறைகிறது.

ஒரு விடையின் விலை

கூகுள் நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, அதன் ஜெமினிக்கு எழுத்தில் விடுக்கப்படும் நடுத்தர வினா ஒன்றுக்கு 0.24 வாட்-மணி மின்சாரமும், ஏறத்தாழ ஐந்து சொட்டு நீரும் செலவாகின்றன. ஐந்து குதிரைத்திறன் பம்பு செட்டு ஒரு மணி நேரம் ஓடுவதற்கு ஏறத்தாழ 4 யூனிட் வேண்டும். அதே மின்சாரத்தில் இத்தகைய வினாக்கள் 16,000-க்கும் மேல் கேட்கலாம். எனவே, பயனுள்ள ஒரு வினாவைக் கேட்க நாம் அஞ்ச வேண்டியதில்லை.

ஆயின், கணக்கு இத்துடன் முடியவில்லை. அந்த ஐந்து சொட்டு, மையத்தில் செலவாகும் நீர் மட்டுமே. மின்சாரம் பிறக்குமிடத்தில் செலவாகும் நீர் அதில் சேராது. பழைய அனல்மின் நிலையங்கள் யூனிட்டுக்கு மூன்றரை லிட்டர் நீருக்கு மேல் செலவிடலாகாது என்று மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் வரம்பு வகுத்தது. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு அந்நீரை அளிப்பது நம் காவிரியே. மேலும், படமும் காணொளியும் உருவாக்கும் பணிக்கு, எழுத்தில் விடை தருவதைவிடப் பன்மடங்கு மின்சாரம் வேண்டும்.

சிறு துளி பெரு வெள்ளம் அன்றோ? உலகின் தரவு மையங்கள் யாவும் 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டன என்றும், 2030-இல் இது இருமடங்குக்கு மேலாகும் என்றும் பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது. இவ்வளர்ச்சிக்குச் செயற்கை நுண்ணறிவு ஒரு முதன்மைக் காரணமாகும்.

சுமை ஓரிடத்தில் விழுகிறது

வினாக்கள் உலகெங்கும் இருந்து வரினும், நீர் எடுக்கப்படுவது ஓரிடத்திலேயாம். இதுவே சிற்றூர்கள் கருத வேண்டிய செய்தி. நம் மாநிலத்தில் அம்பத்தூர், சிறுசேரி முதலிய இடங்களில் தரவு மையங்கள் அமைந்துள்ளன. 2021-ஆம் ஆண்டில் அரசு இதற்கெனத் தனிக் கொள்கையும் வகுத்தது. இத்தொழிலால் முதலீடும் வேலையும் பெருகும் என்பது உண்மையே. எனினும், 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் மூலம் சென்னைக்குக் குடிநீர் கொண்டு சென்றதை நாம் மறத்தலாகாது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, பயிர், உடல்நலம், கல்வி முதலிய தேவைகளுக்கு இக்கருவியைத் தயங்காது பயன்படுத்துவோம். வெறும் பொழுதுபோக்குக்காகப் படங்களையும் காணொளிகளையும் உண்டாக்கிக் குவிப்பதைத் தவிர்ப்போம்.

இரண்டாவதாக, ஊராட்சி எல்லையில் இத்தகைய மையம் அமையவிருப்பின், மூன்று வினாக்களை முறையாகக் கேட்டறிதல் வேண்டும். நாள்தோறும் எவ்வளவு நீர் தேவை? அது நிலத்தடி நீரா, சுத்திகரித்த கழிவுநீரா? மின்சாரத்தில் காற்றாலை, சூரிய ஒளி ஆகியவற்றின் பங்கு எவ்வளவு? உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22-ஆம் நாள் கூடும் கிராம சபை, இக்கணக்கை எடுத்துரைக்கத் தக்க இடமாகும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கு. ஆற்றிலிருந்து எடுக்குங்கால் அளவு இன்னும் இன்றியமையாதது. அறிவு வளரட்டும், அதற்கென எரியும் நிலக்கரிக்கும் வற்றும் கிணற்றுக்கும் கணக்கு நம் கையில் இருக்கட்டும்.