40,000 கிலோமீட்டரே ஓடிய காரில் கிளட்ச் தீர்ந்துபோவது ஏன்?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சாயங்கால நேரத்தில் காரில் கடந்திருக்கிறீர்களா? பஸ் ஒன்று வளைந்து உள்ளே நுழையும்; ஆட்டோ குறுக்கே வரும்; கார்கள் பத்தடி நகர்ந்து நிற்கும். மீட்டரில் தூரம் ஏறவே ஏறாது. கிளட்ச் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

எப்படி?

ஸ்ரீரங்கத்து வீடுகளில் சந்தனம் இழைப்பதை நினைத்துப் பாருங்கள். கட்டையைக் கல்லின் மேல் சும்மா அழுத்தி வைத்தால் ஒன்றும் ஆகாது, இழைத்தால்தான் கரையும். கிளட்ச் பிளேட்டும் அந்தக் கட்டை போலத்தான். பெடலிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டால், இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரத்தை இறுகப் பற்றிச் சேர்ந்தே சுற்றும். முழுக்க மிதித்தால் விலகி நிற்கும். பாதி மிதித்தபடி ஊரும்போதுதான் வழுக்கி உரசுகிறது, சூடேறுகிறது, கருகல் வாடை வருகிறது.

அதனால்தான் நெடுஞ்சாலையில் லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஆல்டோவைவிட, ஊருக்குள்ளேயே சுற்றிய ஆல்டோ முதலில் செலவு வைக்கலாம். பிளேட்டை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் சேர்த்து மாற்றச் சொல்வார் மெக்கானிக். அது நியாயம்தான், இன்னொரு முறை இறக்கும் கூலி மிச்சம்.

பழைய கார் வாங்கும் முன், சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்தபடி மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் உடனே குலுங்கி நின்றால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. நிற்காமல் ஓடினால் வழுக்குகிறது. ஒருமுறை பார்த்தால் போதும். வழுக்கினால், மாற்றும் செலவைக் கழித்தே விலை கேளுங்கள்.