கயாக் மூடியில் தண்ணீர் கசியாதிருக்க

கிட் வாங்கிக் கட்டினாலும் சரி, சொந்த வரைபடத்தில் கட்டினாலும் சரி, மர கயாக்கின் மேல்தளத்தை வெட்டித் திறக்கும் நாள் வந்தே தீரும். 4 மி.மீ. பிளைவுட்டில் எபாக்ஸி பூசி, கண்ணாடியிழைத் துணி போர்த்தி மெருகேற்றிய தளத்தில் கத்தி வைக்க மனசு வராதுதான். ஆனால் முன்னும் பின்னும் தடுப்புப் பலகையால் அடைத்த அந்த இரண்டு அறைகள்தான், உட்காரும் குழி நிரம்பினாலும் படகை மிதக்க வைக்கின்றன. அவற்றுக்குள் கை போகத் திறப்பு வேண்டும்; அதன் மூடி கசிந்தால் அந்த அறைகளால் பயனில்லை.

வெட்டிய துண்டையே மூடியாக்குங்கள். தளத்தின் வளைவும் மரத்தின் ரேகையும் தானாகப் பொருந்தும். மெல்லிய பிளேடு போதும். மூலைகளை உருட்டி வெட்டுங்கள், கூர்மூலையில் கேஸ்கட் மடங்கும்.

மூடி கச்சிதமாக உட்கார்ந்தால் தண்ணீர் வராது என்று நினைக்கிறோம். மரத்தோடு மரம் எவ்வளவு பொருந்தினாலும் கசியும். குக்கரில் ஆவியைத் தடுப்பது மூடியல்ல, கேஸ்கட்தானே? இங்கே அந்த வேலையைச் செய்வது தண்ணீர் உறிஞ்சாத நியோப்ரீன் நுரைப்பட்டை. 6 மி.மீ. தடிமன் போதும், பாதியளவு நசுங்க வேண்டும். அது அகலமான சட்டத்தின் மேல் படிந்தால் அழுத்தம் பரவி வீணாகும். அதனால் திறப்பின் அடியில் ஒட்டும் சட்டத்தின் மேல், 3 மி.மீ. அகலத்தில் ஒரு வரப்பு எழுப்புகிறோம். அதே இறுக்கம் குறுகிய இடத்தில் விழும்போது வரப்பு நுரைக்குள் நன்றாகப் பதியும்.

வரப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் மூடியைத் தொட வேண்டும். கையால் இழைத்து இதைக் கொண்டுவருவது சிரமம், வார்த்துவிடலாம். மூடியின் அடியில், கேஸ்கட் வரப்போகும் இடத்தில், நசுங்கிய கேஸ்கட்டின் அளவுக்கு 3 மி.மீ. தடிமனில் ஒரு பட்டை ஒட்டி, அதன் மேல் பேக்கிங் டேப் சுற்றுங்கள். எபாக்ஸி அதில் ஒட்டாது. வரப்பின் மேல் மரத்தூள் கலந்த கெட்டி எபாக்ஸியை வைத்து, மூடியைத் தளத்தோடு சமமாக அமர்த்தி இறுக விடுங்கள். பிறகு பட்டையை உரித்துவிட்டு, அந்த இடத்தில் கேஸ்கட்டை ஒட்டலாம். அதன் இணைப்பை மூலையில் விடாமல், நேரான பக்கத்தில் சாய்வாக வெட்டிச் சேருங்கள். வரப்பில் சாக்பீஸ் தேய்த்து மூடிப் பாருங்கள்: நுரையில் கோடு விட்டுப்போன இடத்தில்தான் கசியும்.

மூடியை இறுக்கிப் பிடிப்பவை தளத்தின் குறுக்கே போகும் வார்ப்பட்டைகள். அவற்றுக்கு நடுவே மூடி மேலே வளையும், அதனால் மூடியின் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும்.

தடுப்புப் பலகையின் மேல்பக்கம் 2 மி.மீ. துளை ஒன்றையும் மறக்காதீர்கள். வெயிலில் சுட்ட படகைக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கும். துளை இல்லையென்றால் அறை கேஸ்கட் ஓரமாகவே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று: கரையேறியதும் வார்களைத் தளர்த்திவிடுங்கள். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடக்கும் நுரை திரும்ப எழாது.