விழுங்கிய நூலை இழுக்காதீர்கள்

திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலில் இப்போது தெருவுக்குத் தெரு வளர்ப்பு நாய், பூனை. பௌர்ணமி கிரிவலக் கூட்டம் கலைந்த மறுநாள் இந்த வட்டாரக் குப்பையில் சாம்பார் ஒட்டிய பிளாஸ்டிக் தாள், எலும்பு, பூச்சரம் எல்லாம் கிடக்கும். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சாம்பார் வாசம் பிடித்த நாய்க்கு அது தெரியுமா? தாளோடு விழுங்கிவிடும்.

பூனைக்கு எமன் நூல்தான். பூக் கட்டும் நூல், தையல் நூல் எதுவானாலும் ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொள்ளும், மற்றது குடலுக்குள் இறங்கும். குடல் தள்ளத் தள்ள, நாடா இழுத்த பாவாடை போலச் சுருங்கும். இறுகிய நூல் குடலை அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது நம் ஊர்க் கைவைத்தியம். ரத்தத்தில் உப்பு ஏறி, வலிப்பு வந்து உயிரே போகலாம். ஊசியும் எலும்பும் மேலே ஏறும்போது உணவுக்குழாயைக் கிழிக்கும். பட்டன் பேட்டரி உள்ளேயே புண்ணாக்கும். அதற்கு ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.

கூர்மையில்லாத பொருளை விழுங்கி ஓரிரு மணி நேரத்துக்குள் போனால், டாக்டரே மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முடியும். தாமதமானால் எண்டோஸ்கோப்பி, அதுவும் முடியாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டியதுதான். துணி, பிளாஸ்டிக், மாங்கொட்டை எல்லாம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. வாந்தி நிற்கவில்லை, சாப்பிடவில்லை, மலம் போகவில்லை என்றால், 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்ற பதிலோடு வீடு திரும்பாதீர்கள். வயிற்று ஸ்கேன் கேளுங்கள். உள்ளூரில் வசதியில்லையென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள்.

செலவுக்குப் பயந்து துடிக்க விடுவதும் தவறே. வளர்ப்பவர் விலங்குக்கு வீண் வேதனை வராமல் பார்க்க வேண்டும் என்கிறது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதே சமயம் உங்களுக்கும் உரிமை உண்டு. பணம் கொடுத்த சிகிச்சையில் அலட்சியம் நேர்ந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். சிகிச்சைக்குக் கட்டியது 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. மருத்துவரின் தொழில் நடத்தை பற்றிய புகார் மாநில கால்நடை மருத்துவ மன்றத்துக்குப் போகும். எதற்கும் மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, பில் மூன்றையும் கேட்டு வாங்கி வையுங்கள்.