கடலுக்கு வேலி மணல்!

திருவண்ணாமலைக்காரர்களுக்கு மலையைத் தெரியும். பாட்டன் பார்த்த இடத்திலேயே இன்றும் நிற்கிறது, பாறை மலை.

கடலோரத்திலும் ஒரு காவல் நிற்கிறது. ஆனால் அது வெறும் மணல்!

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீஅரிகோட்டா தீவுதான் அது. ஆம், 1971-ம் ஆண்டு முதல் ராக்கெட் விடுகிறார்களே, அதே தீவுதான்!

அலை கட்டிய சுவர்

பல ஆயிரம் ஆண்டுகளாக அலைகள் மணலைக் கொண்டுவந்து கரையோரம் குவித்தன. அது நீண்ட தீவாக எழுந்தது. கிழக்கே வங்கக்கடல் சீறுகிறது. மேற்கே பழவேற்காடு ஏரி அமைதியாகக் கிடக்கிறது.

மணலைக் காற்று வாரிக்கொண்டு போகாதா? போகும். அதைப் பிடித்து வைப்பவை அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். அடம்பங்கொடி ஊதாப் பூ பூத்து மணலில் படர்ந்திருப்பது கண்கொள்ளாக் காட்சி!

ரோஜா நிறப் பறவை

இந்தியாவின் உப்புநீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா பெரியது. அடுத்தது பழவேற்காடு.

மழைக்காலம் வந்தால் இங்கே பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். நெடிய கால், வளைந்த அலகு. தலையைக் கவிழ்த்து, சேற்றுநீரை அரித்து இரை தேடும். அந்த இரையால்தான் அதற்கு ரோஜா நிறம்!

டச்சுக்காரர்களும் இந்த ஏரிக்கரையைத் தேடி வந்தவர்கள். 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள்.

ஏரியின் வாசல்

இத்தனைக்கும் உயிர் எது தெரியுமா? முகத்துவாரம்! மணல் திட்டுக்கு நடுவே கடலும் ஏரியும் கலக்கும் வாசல் அது.

இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சு இந்த வாசல் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். மீனவர் படகுகள் கடலுக்குப் போவதும் இதே வழிதான்.

கோடையில் ஆற்றுநீர் குறையும். அலை கொண்டுவரும் மணல் வாசலை அடைக்கும். ஏரி வற்றும். மீன் குறையும். படகு கரையில் நிற்கும். மீனவர்கள் மணலை வாரித் திறப்பார்கள். கடல் மறுபடி மூடும்.

தீவைக் கட்டியதும் மணல். வாசலை அடைப்பதும் மணல்!

தீவுக்குள் நினைத்தபடி போக முடியாது. பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகலாம். குழந்தைகளுக்குப் பூநாரையைக் காட்டுங்கள். அடம்பங்கொடியைப் பிடுங்க விடாதீர்கள். முகத்துவாரத்தையும் காட்டுங்கள். அது திறந்திருந்தால்தான் மீனவர் வீட்டில் உலை கொதிக்கும்!