கண்டி ஏற்றமும் பழைய சைக்கிளும்

2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று இலங்கை அரசு அறிவித்ததும் மூலையில் கிடந்த சைக்கிள்களுக்கு மறுபடி காற்றடிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தாருக்கு அதில் பெரிய சிரமமில்லை, சமதரை. கண்டிக்காரர் பாடுதான் வேறு. வாவிக்கரையில் சுகமாக ஓடிய வண்டி, ஹந்தானைப் பக்கம் திரும்பியதும் முரண்டு பிடிக்கும்.

பழைய கறுப்புச் சைக்கிள் என்றால் பழி முதலில் விழுவது ஹாண்டிலின் மேல். ஓட்டுபவரை நோக்கி வளைந்த கைப்பிடி, நிமிர்ந்த இருப்பு. இதை வைத்துக்கொண்டு மலை ஏறலாமா என்பார்கள். ஏறலாம். குனிந்து ஓட்டுவதன் பெரிய லாபம் காற்றை வெட்டுவது. மணிக்கு 6 கிலோமீற்றரில் ஊரும்போது வெட்ட வேண்டிய காற்று எங்கே இருக்கிறது? அங்கே எதிரி எடை. ஆளும் வண்டியுமாக 90 கிலோ, 100 மீற்றருக்கு 8 மீற்றர் உயரும் பாதை என்றால், அந்த ஊர்தலுக்கே ஏறத்தாழ 120 வாட் வேண்டும்.

ஹாண்டிலில் குறையே இல்லை என்பதல்ல. எழுந்து நின்று மிதித்தால் கைப்பிடி முழங்காலில் இடிக்கும். உடல் எடையை முன்னால் தள்ளவும் இடமிராது. ஆகவே எழும்பக் கூடாது. சீற்றில் சற்றுப் பின்னால் நகர்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, துடுப்பு வலிப்பதுபோல் கைப்பிடியை இழுத்துக்கொண்டு மிதிக்க வேண்டும்.

உண்மையான வில்லன் பற்சக்கரம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 அங்குலச் சில்லு என்றால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் ஐந்தரை மீற்றர் போகும். 6 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 18 சுற்றுதான். கால் இலகுவாகச் சுழல அறுபதாவது வேண்டும். பின்னால் 22 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு நாலரை மீற்றர். மிதி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இலகுவாகும். ஹாண்டிலை மாற்றச் செலவழிப்பதைவிட இது புத்தியான காரியம்.

1820களில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்கும் இதே சிக்கல்தான். அவருக்கு மாட்டுவண்டி ஏற வேண்டும். கடுகண்ணாவையில் பாதை வளைந்து வளைந்து போவது அதனால்தான்: தூரம் கூடினால் சரிவு குறையும். 1867இல் கண்டிக்கு வந்த ரயில்பாதையும் அங்கே 45 அடிக்கு ஓரடி என்ற கணக்கில்தான் ஏறுகிறது. நகரத்துக் குறுக்கொழுங்கைகளுக்கு அப்படியொரு டோசன் வாய்க்கவில்லை. பல நேரே மேலே பாய்கின்றன. அங்கே இறங்கித் தள்ளுகிறவர் நேரத்தில் அதிகம் இழப்பதில்லை.

இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்த இரும்பு ரிம்மைப் பிரேக் கட்டை லேசில் பிடிக்காது. வளைவு வருமுன்பே மெல்ல அழுத்தி, ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இறங்க வேண்டும்.