வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானப் பயிற்சி: எது வரும், எது வராது?

பொங்கலுக்கு ஊருக்கு, பாபநாசத்துக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் சித்தப்பா மகனுக்கு விமானப்படையில் பைலட் ஆக ஆசை. "அண்ணே, கம்ப்யூட்டர்லயே பிளேன் ஓட்டிப் பழகலாமாமே?" என்றான். நான் சாஃப்ட்வேர் இன்ஜினீயர், விமானி அல்ல. ஆனாலும் இலவசமாகக் கிடைக்கும் பிளைட்கியர் சிமுலேட்டரை அவன் பி.சி.யில் இன்ஸ்டால் செய்தேன். திரையில் பொதிகை மலையைப் பார்த்ததும் பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சின்னச் சோதனை

அம்பாசமுத்திரத்துக்கு மேலே 6,000 அடியில் செஸ்னா 172 விமானம். இன்ஜின் வேகத்தைக் குறைத்து, மூக்கைத் தூக்கிக்கொண்டே இருக்கச் சொன்னேன். வேகம் 50 நாட் அருகே வந்ததும் மூக்கு கவிழ்ந்தது. அவன் ஜாய்ஸ்டிக்கை இன்னும் பின்னால் இழுத்தான். விமானம் வயலில் விழுந்தது.

"மூக்கு கீழ போகுதுண்ணே, இழுக்கத்தானே செய்யணும்?"

அதுதான் இல்லை. இதற்கு ஸ்டால் என்று பெயர். இறக்கையின் மேல் காற்று சீராக ஓடாமல் தூக்குவிசை குறைந்துவிடுகிறது. ஸ்டிக்கை முன்னே தள்ளி, வேகம் வந்த பிறகே தூக்க வேண்டும்.

இப்படி உயிருக்கு ஆபத்தில்லாமல் தப்பு செய்து பழகத்தான் சிமுலேட்டர். அமெரிக்காவின் எட்வின் லிங்க், தன் குடும்பத் தொழிலான ஆர்கன் வாத்தியத்தின் காற்றுத் துருத்திகளைக் கொண்டு 1929-இல் ஒன்றைச் செய்தார். 1934-இல் தபால் விமானம் ஓட்டிய ராணுவ விமானிகள் பலர் இறந்த பிறகே ராணுவம் அதை வாங்கியது.

கணக்கு எங்கிருந்து வருகிறது?

சிமுலேட்டருக்குள் இருப்பவை சமன்பாடுகள். அவற்றுக்கான எண்கள் காற்றுச் சுரங்கத்திலும் சோதனைப் பறப்பிலும் அளந்து எடுக்கப்படுபவை. ஸ்டால் முற்றினால் விமானம் சுழன்றபடி விழும், அது ஸ்பின். இதை முன்கூட்டிக் கணிப்பது மிகக் கடினம். எச்.ஏ.எல். நிறுவனத்தின் எச்.ஜே.டி.-36 பயிற்சி விமானம் 2003-இல் பறந்தது. ஸ்பின் சிக்கலால் வடிவத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் போயின.

இதற்கிடையே ஆரம்பப் பயிற்சிக்கான எச்.பி.டி.-32 விமானங்கள் 2009-இல் நடந்த விபத்துக்குப்பின் நிறுத்தப்பட்டன. புது மாணவர்கள் நேராகக் கிரண் ஜெட்டில் பழக வேண்டியிருந்தது. 2013-இல்தான் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் வந்தது. நம் எச்.டி.டி.-40 முதலில் பறந்தது 2016-இல். 2023-இல் 70 விமானங்களுக்கு ரூ.6,800 கோடிக்கு மேல் ஒப்பந்தமானது. சிமுலேட்டர்களும் அதில் அடக்கம்.

உங்களுக்கு எது உதவும்?

மீட்டர்களைப் படிப்பது, செக்லிஸ்ட்டை வரிசை தவறாமல் செய்வது, ஸ்டாலில் இருந்து மீள்வது. இவை வீட்டிலேயே வரும். விலை குறைந்த ஜாய்ஸ்டிக் போதும். திருப்பத்தில் உடலை அழுத்தும் விசையும், நிஜமான பயமும் நாற்காலியில் வராது. தப்பான பழக்கம் ஒட்டிக்கொண்டால் சொல்லித் திருத்தவும் ஆள் இல்லை. அதற்குத்தான் பயிற்சியாளர்கள், அவர்களை உருவாக்கவே தாம்பரத்தில் விமானப்படைப் பள்ளி இருக்கிறது.

நான் கிளம்பும் நாளில் தம்பி ஸ்டாலில் இருந்து மீண்டு காட்டினான். எத்தனையாவது முறை என்று கேட்டேன். "எண்ணலண்ணே" என்றான். நிஜ விமானத்தில் அந்த வசதி இல்லை!