காலையில் முதல் அடி வைத்ததும் குதிகால் வலிக்குதா? புது ஷூ வாங்கும் முன் இதைப் படிங்க

கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீர்னு வலி. கொஞ்சம் நடந்ததும் குறைந்துவிடும். ஓடத் தொடங்கிய பலருக்கும் வரும் இதற்கு ‘பிளான்டார் ஃபேசியைட்டிஸ்’ என்று பெயர். குதிகாலையும் விரல்களையும் இணைக்கும் திசுப்பட்டை, தாங்கும் அளவைத் தாண்டி இழுபடுவதுதான் பிரச்னை. பழகாத காலோடு முதல் வாரமே தினமும் 5 கி.மீ. ஓடினால் எந்த ஷூவும் காப்பாற்றாது.

"அப்போ 10,000 ரூபாய் ஷூ வாங்கணுமா?" வேண்டாம். விலையைவிட அளவுதான் முக்கியம். மாலையில் கடைக்குப் போங்க. பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்க. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும், குதிகால் நழுவக் கூடாது. கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்க, கூச்சம் எதுக்கு? ஆஃபரைப் பார்த்து ஆன்லைனில் வாங்கினால் இந்த வசதி இல்லை.

வலி இருக்கும்வரை ஓட்டத்தைக் குறைங்க. ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலை பாதத்துக்கு அடியில் உருட்டலாம். கெண்டைக்கால் தசையை தினமும் நீட்டி மடக்குங்க. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீங்க, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்க. முழுசா சரியாக சில மாதங்கள்கூட ஆகலாம். வீக்கம், மரத்துப்போதல், காலை ஊன்றவே முடியாத வலி இருந்தால் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்க.